அத்தியாயம் 9: ஒண்டுக்குடித்தனம் – ஒரே சர்வரில் முப்பது கணக்கு

நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரத்து விசைத்தறிக்காரர்களுக்கும் ஜவுளி வியாபாரிகளுக்கும் நீங்கள் ஒரு கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல் வரவு, பாவுக் கணக்கு, கூலிப் பட்டுவாடா, ஜிஎஸ்டி பில். முதல் ஆளுக்கு ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்தீர்கள். இரண்டாம் ஆள் வந்தபோது அதிலேயே இன்னொரு டேட்டாபேஸ் போட்டீர்கள். இப்போது முப்பது பேர் வாசலில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு சர்வர் என்றால் கட்டுப்படியாகாது. எல்லோரையும் ஒரே வீட்டில் குடிவைக்க வேண்டும். ஆனால் ஒருவர் கல்லாவில் இன்னொருவர் கண் படக் கூடாது.

இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம். கிணறும் முற்றமும் பொது, அறை தனி. போஸ்ட்கிரெஸ்ஸில் அந்த அறைக்கு ஸ்கீமா என்று பெயர். உள்ளே அது ‘பிஜி_நேம்ஸ்பேஸ்’ என்ற அட்டவணையில்தான் பதிவாகிறது. அதனால் இங்கே அதைப் பெயர்வெளி என்றே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்வெளி என்பது அறைக்கு நடுவே தொங்கவிட்ட திரைச்சீலை. பூட்டை நீங்கள்தான் தனியாக வாங்கிப் போட வேண்டும். திரை தொங்குவதைப் பார்த்துவிட்டு, பூட்டியாயிற்று என்று தூங்கப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித் தூங்கியவன்தான்.

கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மூன்று வழி, எதை எடுப்பது?

முதல் வழி, ஆளுக்கொரு டேட்டாபேஸ். பிரிவு நன்றாக இருக்கும். ஆனால் பொதுவான அட்டவணை எதையும் பகிர முடியாது. கனெக்‌ஷன்களும் டேட்டாபேஸ்வாரியாகப் பிரிந்துபோகும்.

இரண்டாம் வழி, ஒரே அட்டவணையில் எல்லோரையும் போட்டு, ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் எண்ணை எழுதுவது. ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர்கள் சேரும் தொழிலுக்கு இதுதான் சரி. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் இப்படித்தான் மைஎஸ்கியூஎல்லில் ஓடியது. பெருத்த பிறகு ஷார்டிங்குக்குப் போனது. இந்த வழியில் ஒரு ‘வேர்’ நிபந்தனை விட்டுப்போனால் ஊர்க் கணக்கு முழுக்க ஒரே திரையில் வந்து விழும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் வரிவாரிப் பாதுகாப்பு வசதி இருக்கிறது. இந்த வழியில் போகிறவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் வழி, ஒரே டேட்டாபேஸில் ஆளுக்கொரு பெயர்வெளி. பத்து முதல் நூறு, நூற்றைம்பது வாடிக்கையாளர் வரை இது வசதி. ஒருவரை மட்டும் காப்பு எடுக்கலாம், ஒருவரை மட்டும் வேறு சர்வருக்கு மாற்றலாம். நம் முப்பது பேருக்கு இதுதான். இருநூறைத் தாண்டும் என்று இன்றே தெரிந்தால் இதைத் தொடாதீர்கள். காரணம், காப்புப் பகுதியில் வருகிறது.

எச்சரிக்கை: மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் டேட்டாபேஸும் ஒன்றேதான். ஆரக்கிளில் பயனர் பெயரே ஸ்கீமா. இந்தப் படிகளை அப்படியே அங்கே கொண்டுபோய் ஓட்டாதீர்கள்.

கைவைக்கும் முன்

போஸ்ட்கிரெஸ் 15 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். 14 வரை ‘பப்ளிக்’ என்ற பொது அறையில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உண்டாக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 2022 அக்டோபரில் வந்த 15-இல்தான் அதை மூடினார்கள். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய டேட்டாபேஸில் பழைய அனுமதி அப்படியே தங்கிவிடும். ‘15 தானே, பயமில்லை’ என்று விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் கிளஸ்டர் என்றால், ஒரே சர்வர் நிரல் ஆளும் டேட்டாபேஸ்களின் மொத்தத் தொகுப்பு. அறை டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. ஆனால் பயனர் பெயர், அதாவது ரோல், கிளஸ்டர் முழுவதற்கும் பொது. அறைக்காக வெட்டிய சாவி தெருக்கதவுக்கும் பொருந்துகிற மாதிரி. இதை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோதனைக்கு ஒரு தனி இயந்திரம் வையுங்கள். நேரடி சர்வரில் கற்றுக்கொள்ளாதீர்கள்.

பெயர் வைப்பது

அறைக்குக் கடைப் பெயரை வைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்.

நாராயணவனம், பத்மாவதித் தாயாருக்கும் வெங்கடேஸ்வரருக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்று தலபுராணம் சொல்கிறது. கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. அந்த ஊரில் இரண்டு கடை பத்மாவதி பெயரில் இருந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? முதல் நாளே பெயர் மோதும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வாடிக்கையாளராக உள்ளே நுழைந்தவர், மற்ற அறைகளுக்குள் போக முடியாவிட்டாலும், எல்லா அறைகளின் பெயரையும் பார்க்கலாம். அட்டவணைகளின் பெயரும் தெரியும். பெயர்ப்பலகையை மறைக்க வழியில்லை. உங்களிடம் யார் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது போட்டிக் கடைக்காரருக்குத் தெரியலாமா?

ஆகவே எண் வையுங்கள்: வா_001, வா_002. எந்த எண் எந்தக் கடை என்ற பட்டியலை, வாடிக்கையாளர் எவரும் தொட முடியாத தனி டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: போஸ்ட்கிரெஸ் பெயரில் தமிழ் எழுத்தையும் ஏற்கும். ஆனால் பெயர் நீளம் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘நாராயணவனம்’ என்று எழுதினாலே 30 பைட் போய்விடும். நீளம் மீறினால் பிழை வராது; ஒரு அறிவிப்போடு வாலை வெட்டிவிடும். வால் மட்டும் வேறுபட்ட இரண்டு நீளப் பெயர்கள் வெட்டுப்பட்டு ஒன்றாகிவிடும். ‘பிஜி_’ என்று தொடங்கும் பெயர் போஸ்ட்கிரெஸ்ஸுக்கே உரியது, உங்களுக்குக் கிடைக்காது.

படிகள்

1. தெருக்கதவைச் சாத்துங்கள். புது டேட்டாபேஸ் ‘தறிக்கணக்கு’ உண்டாக்கியதும் முதல் வேலை:

ரிவோக் ஆல் ஆன் டேட்டாபேஸ் தறிக்கணக்கு ஃப்ரம் பப்ளிக்;
ரிவோக் க்ரியேட் ஆன் ஸ்கீமா பப்ளிக் ஃப்ரம் பப்ளிக்;

இரண்டு இடத்தில் ‘பப்ளிக்’ வந்திருக்கிறது, குழம்பாதீர்கள். ‘ஸ்கீமா’வை அடுத்து வருவது அறையின் பெயர். ‘ஃப்ரம்’மை அடுத்து வருவது ‘எல்லோரும்’ என்று பொருள்படும் சொல்.

2. அதே கிளஸ்டரில் இருக்கும் ‘போஸ்ட்கிரெஸ்’, ‘டெம்ப்ளேட்1’ என்ற டேட்டாபேஸ்களிலும் எல்லோருக்குமான கனெக்ட் அனுமதியைப் பறியுங்கள். ரோல் பொது என்று சொன்னேனே, அதனால்தான். வாடிக்கையாளர் 001, தறிக்கணக்கில் நுழைய வாங்கிய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்து டேட்டாபேஸுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம்.

3. வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு ரோல் உண்டாக்குங்கள். வா_001_உடைமை: வீட்டுக்காரர், லாகின் கிடையாது. வா_001_வேலை: மென்பொருள் தினமும் நுழையும் ஆள், லாகின் உண்டு, அட்டவணையை உண்டாக்கவோ அழிக்கவோ உரிமை கிடையாது.

4. அறையைக் கட்டுங்கள்:

க்ரியேட் ஸ்கீமா வா_001 ஆத்தரைசேஷன் வா_001_உடைமை;

வாடகை மேகச் சேவையில் உங்கள் நிர்வாகக் கணக்கு முழு சூப்பர்யூசராக இருக்காது. இந்தக் கட்டளை மறுக்கப்பட்டால், முதலில் உடைமை ரோலில் உங்களையே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள்.

5. வேலைக்காரருக்கு வாசலைத் திறந்துவிடுங்கள்:

கிராண்ட் கனெக்ட் ஆன் டேட்டாபேஸ் தறிக்கணக்கு டு வா_001_வேலை;
கிராண்ட் யூஸேஜ் ஆன் ஸ்கீமா வா_001 டு வா_001_வேலை;

6. இனி வரப்போகும் அட்டவணைகளுக்கும் சேர்த்து அனுமதி எழுதுங்கள்:

ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் ஃபார் ரோல் வா_001_உடைமை இன் ஸ்கீமா வா_001 கிராண்ட் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் ஆன் டேபிள்ஸ் டு வா_001_வேலை;

சீக்வென்ஸ்களுக்கு யூஸேஜ் உரிமையையும் இதே மாதிரி எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். ‘ஃபார் ரோல்’ என்ற பகுதியை விட்டுவிடுவார்கள். அப்போது இந்த விதி, கட்டளை ஓட்டிய ஆள் உண்டாக்கும் அட்டவணைகளுக்கு மட்டும் பொருந்தும். அல்லது விதியைச் சரியாக எழுதிவிட்டு, அட்டவணையை சூப்பர்யூசராக இருந்து உண்டாக்குவார்கள். இரண்டிலும் மறுநாள் காலையில் ‘பெர்மிஷன் டினைடு’ என்று போன் வரும். அவசரத்தில் எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துத் தப்பிப்பார்கள். அன்றோடு பூட்டு போயிற்று.

7. உடைமை ரோலுக்கு மாறி அட்டவணைகளை உண்டாக்குங்கள்:

செட் ரோல் வா_001_உடைமை;

முடிந்ததும் ‘ரீசெட் ரோல்’.

8. மென்பொருள் ‘பில்’ என்று சுருக்கமாகக் கேட்டால் எந்த அறையில் தேட வேண்டும் என்று சொல்லிவையுங்கள் (கடைசியில் வரும் ‘பொது’, பப்ளிக் அல்ல; எல்லோரும் படிக்க நாம் வைக்கும் தனி அறை, பின்னால் வருகிறது):

ஆல்டர் ரோல் வா_001_வேலை இன் டேட்டாபேஸ் தறிக்கணக்கு செட் சர்ச்_பாத் டு வா_001, பொது;

9. இந்த எட்டையும் ஒரு நிரல்கோப்பில் எழுதி, எண்ணை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். இரண்டாம் வாடிக்கையாளருக்கே கையால் தட்டாதீர்கள். பதினேழாம் ஆளுக்கு ஆறாம் படியை மறந்திருப்பீர்கள்.

திருடனாக மாறிச் சோதிக்க

சோதனைக்கு வா_002 அறையையும் கட்டிவிட்டு, வா_001_வேலை என்ற பெயரில் உள்ளே நுழையுங்கள். அடுத்தவர் வீட்டில் திருட முயலுங்கள்.

அ. வா_002.பில் அட்டவணையிலிருந்து செலக்ட் செய்யுங்கள். ‘பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா’ வர வேண்டும்.

ஆ. சர்ச் பாத்தை வா_002 என்று மாற்றுங்கள். மாற்ற விடும்! திகைக்காதீர்கள், அது யாரும் தானே மாற்றிக்கொள்ளக்கூடியது, பாதுகாப்புக்காக வைத்ததல்ல. மாற்றிய பிறகு ‘பில்’ என்று கேளுங்கள். இப்போது பிழைச் செய்தி வேறு: அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்று சொல்லும். அனுமதி இல்லாத அறையைத் தேடலில் சேர்க்காமல் தாண்டிப் போய்விடுகிறது. சரியான பதில்தான்.

இ. பப்ளிக்கில் ஒரு அட்டவணை உண்டாக்கப் பாருங்கள். மறுக்க வேண்டும்.

ஈ. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் நுழையப் பாருங்கள். மறுக்க வேண்டும்.

உ. தன் அறையில் உள்ள பில் அட்டவணையை டிராப் செய்யப் பாருங்கள். அதையும் மறுக்க வேண்டும்.

ஐந்தில் ஒன்று தவறினாலும் உண்மையான இரண்டாம் வாடிக்கையாளரைச் சேர்க்காதீர்கள்.

பொது அறையில் என்ன வைப்பது

‘பொது’ என்ற பெயரில் ஒரு பெயர்வெளி தனியாக வையுங்கள். எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. எச்எஸ்என் குறியீடுகள், மாநில எண்கள் (ஆந்திரம் 37, தமிழ்நாடு 33), மாவட்டம், மண்டலப் பெயர்கள் இங்கே இருக்கட்டும். இந்த எல்லைப் பகுதியில் மாநில எண் அலங்காரத்துக்கு வைப்பதல்ல. நாராயணவனத்துச் சரக்கு புத்தூருக்குப் போனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. திருத்தணிக்குப் போனால் ஐஜிஎஸ்டி.

பொது அறையின் அருமை 2022 ஏப்ரல் 4 அன்று தெரிந்திருக்கும். அன்று திருப்பதி மாவட்டம் பிறந்தது. நாராயணவனம் சித்தூரிலிருந்து அதற்குள் போனது. மாவட்டப் பட்டியல் ஒரே இடத்தில் இருந்தவர் ஒரு வரி மாற்றினார். முப்பது அறையிலும் நகல் போட்டு வைத்திருந்தவர் முப்பது முறை மாற்றினார், அதில் இரண்டு விட்டுப்போயிருக்கும்.

ஆனால் பில்லில் அச்சான முகவரியைப் பில்லோடு நகலாக வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் போட்ட பில்லை இன்று மறுபடி அச்சடித்தால் அதில் சித்தூர் மாவட்டம் என்றுதான் இருக்க வேண்டும்.

பில் எண்ணைப் பொது அறையில் வைக்கவே கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையாக, 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் மறுபடி வராததாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் அறையிலும் தனிக் கணக்கு வையுங்கள். அதற்குப் போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸும் உதவாது. பில் பாதியில் ரத்தானால் சீக்வென்ஸ் அந்த எண்ணை விழுங்கிவிடும், வரிசையில் ஓட்டை விழும். ஒரு சின்ன அட்டவணையில் கடைசி எண்ணை வைத்து, பில் பதியும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஒன்று கூட்டுங்கள்.

பூலர் செய்த வேலை

இது என் கதை. தறிக்கணக்கு மாதிரி ஒரு மென்பொருளுக்கு, ஆளுக்கொரு லாகின் எதற்கு என்று சோம்பல்பட்டு, எல்லா அறைக்கும் சாவி உள்ள ஒரே லாகினை வைத்திருந்தேன். யார் திரையைத் திறக்கிறாரோ, அவருக்கேற்ப முதலில் சர்ச் பாத்தை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. கூட்டம் கூடியதும், சில கனெக்‌ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்துவிடும் பிஜிபவுன்சர் என்ற பூலரை நடுவில் வைத்தேன், டிரான்சாக்‌ஷன் முறையில்.

ஒரு சாயங்காலம் போன் வந்தது.

“தம்பி, நான் இன்னும் இன்னிக்குப் பில்லே போடல. என் கணக்குல திருத்தணி பார்ட்டி பேர்ல ஒண்ணு நிக்குதே, அது யாரு?”

“அண்ணே, ஒரு நிமிஷம். எதையும் தொடாதீங்க, அழிக்காதீங்க.”

நடந்தது இதுதான். டிரான்சாக்‌ஷன் முறையில் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் முடிந்ததும் கனெக்‌ஷன் அடுத்தவர் கைக்குப் போய்விடும். நான் முதல் வேலையில் மாற்றிய சர்ச் பாத் ஒரு கனெக்‌ஷனில் தங்கிவிட்டது. பில் பதிந்தது இன்னொரு கனெக்‌ஷனில். அதில் வேறொருவர் விட்டுப்போன சர்ச் பாத். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எப்படி வரும்? எல்லா அறையிலும் அதே மூலையில் அதே பெயருள்ள அலமாரி. இருட்டில் பக்கத்து அறைக்குள் போனவனுக்குக் கை வைத்ததும் அலமாரி கிடைத்துவிடுகிறது.

பதினோரு பில்லைத் தேடிப் பிடித்து இடம் மாற்ற இரவு இரண்டு மணி ஆயிற்று. அதிலிருந்து கற்ற மூன்று:

- முப்பது பேர் வரை ஆளுக்கொரு லாகின் வையுங்கள். பிஜிபவுன்சர், லாகின்வாரியாகத் தனிப் பூல் வைத்துக்கொள்ளும். ஒருவர் கனெக்‌ஷன் மற்றவருக்குப் போகாது. ஆனால் அதன் பூல் அளவு இயல்பாக 20. முப்பது பேருக்கு 600 ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பது 100. அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. பூல் அளவை 3 என்று குறைத்தால் 90. மீதி ஏழில் காப்பும் உங்கள் சொந்த வேலையும் நடக்கும்.

- ஒரே லாகின்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனின் முதல் வரியாக ‘செட் லோக்கல் ரோல்’, ‘செட் லோக்கல் சர்ச்_பாத்’ இரண்டையும் எழுதுங்கள். ‘லோக்கல்’ போட்டது டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் தானே அழிந்துவிடும். ‘லோக்கல்’ இல்லாத ‘செட்’ நிரலில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து நீக்குங்கள். இந்த முறையில் யாராவது படிவத்தின் வழியாக எஸ்கியூஎல்லைச் செருகிவிட்டால் ரோலைத் திருப்பிக்கொள்ள முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

- ஒவ்வொரு அறையிலும் ‘அடையாளம்’ என்று ஒரே வரி உள்ள அட்டவணை வைத்து, அதில் வாடிக்கையாளர் எண்ணை எழுதுங்கள். பில் பதியும் முன் மென்பொருள் அதைப் படித்து, தான் நினைத்த ஆள்தானா என்று பார்க்கட்டும். பொருந்தாவிட்டால் நின்றுவிட வேண்டும். இது அன்றே இருந்திருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

ஒரு தறி ஓடினால் எல்லோர் ஃபியூஸும்

ஒரே மீட்டரில் பல பேர் தறி ஓட்டும் கூடத்தில் ஒருவர் பெரிய மோட்டாரைப் போட்டால் எல்லோருக்கும் இருட்டு. சர்வரிலும் அதே நிலைதான். பெயர்வெளிக்கு இவ்வளவு சிபியு, இவ்வளவு டிஸ்க் என்று அளந்துவிடும் வசதி போஸ்ட்கிரெஸ்ஸில் கிடையாது. கையில் இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்: ரோலுக்கு ‘கனெக்‌ஷன் லிமிட்’, ‘ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்’, ‘டெம்ப்_ஃபைல்_லிமிட்’. இவற்றில் டைம்அவுட்டை வாடிக்கையாளர் லாகினே மாற்றிக்கொள்ள முடியும். ஆகவே அது தெரியாமல் செய்யும் தவறைத் தடுக்கும், விஷமத்தைத் தடுக்காது. மாதம் ஒருமுறை அறைவாரியாக அளவைக் கூட்டிப் பாருங்கள்.

அட்டவணையை மாற்றும் நாள்

பில் அட்டவணையில் ஒரு புதுப் பத்தி சேர்க்க வேண்டும் என்றால் முப்பது அறையிலும் சேர்க்க வேண்டும்.

1. நாள் பாருங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, 3பி கடைசி நாள் 20. அந்த இரண்டுக்கும் முந்தைய இரண்டு நாள் சர்வரைத் தொடாதீர்கள்.

2. ஒவ்வொரு அறையிலும் ‘பதிப்பு’ அட்டவணை இருக்கட்டும். எந்த மாற்றம் வரை வந்திருக்கிறது என்று அதில் எழுதுங்கள்.

3. லாக்_டைம்அவுட்டை 3 விநாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஓட்டிய நீண்ட அறிக்கைக்குப் பின்னால் உங்கள் ஆல்டர் காத்திருக்கும். அதன் பின்னால் அந்தக் கடையின் பில்லெல்லாம் வரிசையில் நிற்கும்.

4. ஓர் அறைக்கு ஒரு டிரான்சாக்‌ஷன். முப்பதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் அடைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் அட்டவணை மாற்றமும் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும் என்பதால், தோற்ற அறை பழைய நிலையிலேயே பத்திரமாக இருக்கும்.

5. முதலில் உங்கள் சொந்தச் சோதனை அறை வா_000. பிறகு ஒரு நட்பான வாடிக்கையாளர். மறுநாள் மற்றவர்கள்.

காப்பும் மீட்பும்

தினமும் இரவு இரண்டு வேலை. கிளஸ்டர் முழுவதற்கும் ஒரு காப்பு. அதோடு அறைக்கொரு பிஜி_டம்ப், ‘-என்’ விருப்பத்தில் அறைப் பெயர் கொடுத்து. ரோல்கள் டம்ப்பில் வராது. ‘பிஜி_டம்ப்ஆல்’ நிரலை ‘குளோபல்ஸ்-ஒன்லி’ விருப்பத்தோடு தனியாக ஓட்டுங்கள்.

இருநூறைத் தாண்டாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. முழு டேட்டாபேஸையும் பிஜி_டம்ப் எடுக்கும்போது ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு பூட்டுச் சீட்டு வாங்கும். இயல்பான அமைப்பில் சீட்டுக்கான இடம் 64 பெருக்கல் 100, அதாவது 6,400 அளவில். அறைக்கு 40 அட்டவணை என்றால் முப்பது பேருக்கு 1,200, கவலையில்லை. இருநூறு பேருக்கு 8,000. ‘அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி’ என்று காப்பு நடுவில் செத்துவிடும். எல்லையை உயர்த்தலாம்; ஆனால் அதற்குள் பட்டியல் அட்டவணைகளே பெருத்து வேலை மந்தமாகியிருக்கும்.

ஒரு கடைக்காரர் மட்டும் செவ்வாய்க்கிழமை பில்களைத் தவறாக அழித்துவிட்டார் என்றால் என்ன செய்வது? கிளஸ்டர் காப்பை நேரடி சர்வரில் ஏற்றினால் மற்ற இருபத்தொன்பது பேரும் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடுவார்கள். அதனால்:

1. வேறு இயந்திரத்தில் காலி டேட்டாபேஸ் ஒன்று. முதலில் ரோல்கள், பிறகு எக்ஸ்டென்ஷன்கள், பிறகு ‘பொது’. ‘-என்’ டம்ப் இவை எதையும் கூட்டி வராது.

2. அவருடைய அறையின் டம்பை அங்கே மீட்டெடுங்கள்.

3. அங்கேயே அறைப் பெயரை வா_001_மீட்பு என்று மாற்றுங்கள். பிஜி_ரீஸ்டோர் நிரலுக்கு அறைப் பெயர் மாற்றும் வித்தை தெரியாது. அதனால் இந்தச் சுற்றுவழி. ஃபங்ஷனுக்குள் கையால் எழுதிய அறைப் பெயர் இருந்தால் அது மாறாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

4. அந்தப் பெயரில் மறுபடி டம்ப் எடுத்து நேரடி சர்வருக்குக் கொண்டுவாருங்கள்.

5. இப்போது இரண்டு அறையும் பக்கத்தில் பக்கத்தில். காணாமல்போன வரிகளை மட்டும் நகர்த்துங்கள். கடைக்காரர் பார்த்துச் சரி என்ற பிறகு மீட்பு அறையை அழியுங்கள்.

இதை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று தாளில் குறித்து சர்வர் பக்கத்தில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

ஒருவர் விலகும் நாள்

பெரிதாக வளர்ந்தோ மனஸ்தாபத்திலோ ஒருவர் போவார். வளர்ந்து போகிறவருக்கு வேலை எளிது: அவர் அறையை டம்ப் எடுத்துத் தனிச் சர்வரில் இறக்கினால் முடிந்தது. இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததன் பெரிய லாபமே அதுதான்.

ஒரேயடியாகப் போகிறவருக்கு: வேலை ரோலுக்கு ‘நோலாகின்’ போடுங்கள். பில், கூலி, நூல் கணக்கு எல்லாவற்றையும் எக்செல்லில் திறக்கும் கோப்பாகவும் டம்ப்பாகவும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முப்பது நாள் பொறுங்கள். மனம் மாறித் திரும்பி வருபவர்கள் உண்டு. பிறகு ‘டிராப் ஸ்கீமா வா_001 கேஸ்கேட்’. எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். ரோலை அழிக்க மறுத்தால், அதன் பேரில் அனுமதிகள் மிச்சம் இருக்கின்றன என்று அர்த்தம். ‘டிராப் ஓன்டு பை’ கட்டளையை ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பழைய கிளஸ்டர் காப்புகளில் அவர் கணக்கு இன்னும் இருக்கும். அவை எந்தத் தேதியில் அழியும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கோப்பை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் ஒன்று மறக்காமல் சொல்லுங்கள்: ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்கை வைத்திருக்கும் பொறுப்பு இனி அவருடையது.